நடுவே நிற்கும் திரி



நமது வீடுகளிலே மாலை வேளையில் ஏற்றப்படும் விளக்கைச் சற்று நினைத்துப் பாருங்கள். அகல் விளக்காயினும் சரி, குத்துவிளக்காயினும் சரி, அதன் திரி விளிம்பிலேதான் கிடக்கிறது. அதனை நடுவிலே நிறுத்த வேண்டுமென்று எவரும் கவலைப்படுவதில்லை. காரணம் எளிது. எண்ணெய் ஓடும் பொருள். திரி எந்த மூலையிற் கிடந்தாலும் எண்ணெய் தானே அவ்விடம் சென்று சேர்ந்து, திரியின் வழியே ஏறிச் சுடருக்கு உணவாகிறது.

மெழுகுதிரியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. மெழுகு கட்டியாக இறுகி நிற்கும் பொருள். அது சுடரைத் தேடிச் செல்வதில்லை. சுடரே தன் வெம்மையினால் அதனை உருக்கித் தனக்கு வேண்டிய உணவை ஆக்கிக்கொள்ள வேண்டும். அந்த வெம்மை நாற்புறமும் ஒரே அளவிற் பரவ வேண்டுமாயின், திரி நிற்பதற்குரிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது மெழுகின் நடுவாகும்.

வீட்டிலே சிறிய நேர்த்தி மெழுகுதிரிகளை வார்ப்போர் பலரும் சந்திக்கும் இடர்ப்பாடு இதுவே. மெழுகு நன்றாக இருக்கும். நிறம் நன்றாக இருக்கும். ஆனால் திரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்தால் என்ன நேர்கிறது, அது ஏன் சாய்கிறது, சாயாமற் காப்பது எங்ஙனம் என்னும் மூன்றையும் இன்றைய பேச்சிலே ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலிலே நேர்த்தி மெழுகுதிரி என்பது யாது என்று தெளிந்துகொள்வோம். ஒரு வேண்டுதலின் பொருட்டோ, பெற்ற நன்மைக்கு நன்றியாகவோ, மறைந்தவர் ஒருவரின் நினைவாகவோ ஏற்றி வைக்கப்படும் சிறிய திரி அது. பெரும்பாலும் ஏறத்தாழ 2 அங்குல உயரமும் 1½ அங்குலக் குறுக்களவும் உடையதாய், சிறு கண்ணாடிக் கிண்ணம் ஒன்றினுள் வைத்து எரிக்கப்படுவது. கொழும்பு கொச்சிக்கடையிலுள்ள புனித அந்தோனியார் திருத்தலத்திலே செவ்வாய்க்கிழமைதோறும் கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சமயத்தாரும் வந்து மெழுகுதிரி ஏற்றுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மடுத் திருப்பதியின் ஆவணித் திருவிழாவிலும் ஆயிரக்கணக்கான சுடர்கள் அடுத்தடுத்து நின்று எரிகின்றன. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடைத் திருத்தலம் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அதன்பின் அந்நாள் மீண்டு வருந்தோறும் உயிர் நீத்தோரின் நினைவாக அங்கு மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டு வருகின்றன.

இத்தகைய திரிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதனை ஏற்றியவர் அதன் அருகிலே காத்து நிற்பதில்லை. ஏற்றுகிறார், ஒரு கணம் கண்ணை மூடி நிற்கிறார், பின்பு தம் வழியே போய்விடுகிறார். மின்சாரம் நின்றபோது மேசையில் ஏற்றும் மெழுகுதிரியாயின், அது சாய்ந்தால் நிமிர்த்துவோம், ஒழுகினால் துடைப்போம், திரி நீண்டால் நறுக்குவோம். நேர்த்தித் திரிக்கோ இவற்றைச் செய்வார் எவருமில்லை. பல மணி நேரம் அது தன்னந்தனியே எரிய வேண்டும். ஆகவே எரியும் வேளையிலே செய்ய இயலாத கவனிப்பு முழுவதையும் வார்க்கும் வேளையிலேயே செய்து முடிக்க வேண்டியவர் அதனைச் செய்பவரே. திரியை நடுவிலே நிறுத்துதல் அழகின் பொருட்டு மாத்திரமன்று. ஏற்றியவர் இல்லாத நேரத்திலும் சுடரைக் காக்கும் பொறுப்பு அதிலே அடங்கியிருக்கிறது.

இனி, திரி விலகினால் என்ன நேர்கிறது என்று பார்ப்போம்.

மெழுகுதிரியின் அறிவியலைப் பொதுமக்களுக்கு விளக்கியவர்களிலே தலைசிறந்தவர் மைக்கேல் பரடே. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பின்னர் உலகம் போற்றும் விஞ்ஞானியாக விளங்கியவர் அவர். லண்டன் மாநகரிலே ரோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் அறிவியற் கழகத்தில், நத்தார் காலத்திலே சிறுவர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு வரிசையொன்றிலே மெழுகுதிரி ஒன்றையே பொருளாகக் கொண்டு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1861ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்தன.

அவர் முதலில் எடுத்துக் காட்டியது மெழுகுதிரியின் உச்சியிலே அமையும் சிறு கிண்ணத்தையாகும். சுடர் எரியும்போது அதனைச் சூழ்ந்த காற்று வெம்மையடைந்து மேலெழுகிறது. அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று மெழுகின் புறச்சுவரைத் தழுவிக்கொண்டு ஏறுகிறது. இதனாற் சுவர் குளிர்ந்து இறுகியே நிற்க, நடுப்பகுதி மாத்திரம் உருகிக் குழிகிறது. இவ்வாறு உருகிய மெழுகு தங்கி நிற்பதற்கு மெழுகே ஒரு கிண்ணமாகிறது. அந்தக் கிண்ணத்திலிருந்து, துணியின் ஒரு நுனியை நீரிலே தொட்டால் ஈரம் மேலேறுவது போல, உருகிய மெழுகு திரியின் நூலிழைகளிடையே ஏறிச் சுடரை அடைந்து ஆவியாகி எரிகிறது. எரிவது பெரும்பாலும் அந்த ஆவியே. திரியை அணைத்தவுடன் எழும் புகைபோன்ற ஆவியில், திரியிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்கு அப்பாலே நெருப்பைக் காட்டினாலும் அது ஆவியின் வழியே ஓடிவந்து திரியைப் பற்றிக்கொள்ளும். இதனையும் பரடே அவையினர் முன்னிலையிலே செய்து காட்டினார்.

அந்தக் கிண்ணம் ஒழுங்காக அமைந்தாற்றான் மெழுகுதிரி நன்கு எரியும். வரிகளும் மடிப்புகளும் உடைய அலங்கார மெழுகுதிரிகள் பார்வைக்கு அழகாயிருந்தும், கிண்ணம் சீராக அமையாமையால் ஒழுகிக் கெடுவதையும் பரடே எடுத்துரைத்தார். திரி விலகிய மெழுகுதிரிக்கும் இதே கதிதான்.

சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். 1½ அங்குலக் குறுக்களவுள்ள மெழுகிலே திரி சரியாக நடுவில் நின்றால், எப்பக்கம் அளந்தாலும் சுவருக்கு முக்கால் அங்குலம் இருக்கும். திரி கால் அங்குலம் மாத்திரம் விலகிவிட்டதாகக் கொள்வோம். ஒரு பக்கம் அரை அங்குலமாகவும் மறுபக்கம் ஓரங்குலமாகவும் ஆகிவிடுகிறது. கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் இவ்விலகலினால் ஒரு புறத்துத் தூரம் மறுபுறத்தினும் இரு மடங்காகிவிடுகிறது. அணித்தான சுவர் விரைவில் உருகி உடைய, உருகிய மெழுகு அவ்வழியே ஒழுகிப் போகிறது. சேய்மைச் சுவரோ உருகாமல் மதில்போல் எழுந்து நிற்கிறது. மெழுகு பாதி ஒழுகியும் பாதி எரியாமலும் வீணாகிறது.

கண்ணாடிக் கிண்ணத்தினுள் வைத்த திரியாயின் கேடு இன்னும் மிகுதி. சுடர் ஒரு பக்கத்துக் கண்ணாடியைத் தொட்டாற்போல் நின்று எரிய, அப்பக்கம் மிகுதியாகச் சூடேறி விரிகிறது. மறுபக்கம் அவ்வாறு விரிவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்காமற் கண்ணாடி வெடிப்பதுண்டு. வெடிக்காதபோதும், குளிர்ந்த கண்ணாடியிற் பட்ட சுடர் நன்கு எரியாமற் கரி படியச் செய்கிறது. அடுத்தடுத்துப் பல திரிகள் எரியும் தட்டிலே, சாய்ந்து எரியும் ஒன்று தன் அயலிலுள்ளதையும் உருக்கிச் சாய்த்துவிடும். ஆகவே ஒருவருடைய கவனக்குறைவு, முன்பின் அறியாத வேறொருவரின் வேண்டுதல் விளக்கையும் கெடுத்துவிடுகிறது.

முற்காலத்துத் தொழிலாளர் இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு வென்றனர் என்று நோக்குவது பயனுடையது. பழைய முறைகளிலே முதன்மையானது தோய்த்தெடுக்கும் முறை. திரியைத் தொங்கவிட்டு, உருகிய கொழுப்பிலோ தேன்மெழுகிலோ தோய்த்து, எடுத்து ஆறவிட்டு, மறுபடியும் மறுபடியும் தோய்ப்பர். ஒவ்வொரு முறையும் மெல்லிய படலம் ஒன்று திரியைச் சுற்றிலும் ஒப்பப் படிகிறது. இம்முறையிலே நடுவைத் தேட வேண்டுவதில்லை. திரி எங்கே நிற்கிறதோ அதுவே நடு. அச்சிலே வார்க்கும் முறை வந்தபின்னரே நடுவைக் காக்கும் கவலையும் உடன் வந்தது. அதற்கு மாற்றாகத் திரியை அச்சின் இரு முனைகளிலும் இழுத்துக் கட்டினர். 1834ஆம் ஆண்டிலே யோசப் மோர்கன் என்பார் இங்கிலாந்திலே செய்த வார்ப்புப் பொறி, அச்சிலிருந்து மெழுகுதிரிகளைத் தொடர்ந்து தள்ளியெடுக்க வழிசெய்தது. இன்றைய தொழிற்சாலைப் பொறிகளிலும் திரி தளராமல் இழுபட்டு நிற்பதே அடிப்படை விதியாகும்.

திரியிலும் மாற்றங்கள் நேர்ந்தன. பழைய முறுக்குத் திரி எரிந்த பின் அதன் கருகிய முனை நீண்டு நிற்கும். அதனை அடிக்கடி கத்தரித்து விட வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, பிரான்சு நாட்டிலே கம்பசெரேஸ் என்பார் கூந்தலைப் பின்னுவதுபோலப் பின்னிய திரியை அறிமுகஞ் செய்தார். பின்னிய திரியின் நுனி எரியும்போது சற்றே வளைந்து சுடரின் விளிம்புக்கு வருகிறது. அங்கே ஒட்சிசன் தாராளமாகக் கிடைப்பதால் நுனி தானே எரிந்து தீர்ந்துவிடுகிறது. ஆகவே நேர்த்தித் திரிக்கு ஏற்றது பின்னிய பருத்தித் திரியே. பிற்காலத்திலே திரி நிமிர்ந்து நிற்பதற்காக அதன் உள்ளே மெல்லிய ஈயக் கம்பியை வைத்த வழக்கமும் இருந்தது. ஈயம் எரிந்து காற்றிற் கலப்பது, சிறப்பாகக் குழந்தைகளின் உடல் நலத்துக்குத் தீங்கானதாகையால், ஐக்கிய அமெரிக்காவிலே 2003ஆம் ஆண்டில் அது தடைசெய்யப்பட்டது. திரியை நேராக நிறுத்துவதற்கு ஈயம் தேவையில்லை. மெழுகே அதனைச் செய்யும். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

அச்சிலே திரி விலகுவதற்குக் காரணங்கள் நான்கு. ஒன்று, திரி தானே வளைந்தும் நெகிழ்ந்தும் இருத்தல். இரண்டு, அதன் அடி நிலையாக ஊன்றப்படாமை. மூன்று, அதன் தலை பிடிக்கப்படாமை. நான்கு, மெழுகு குளிரும்போது ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும் இறுகுதல். முதல் மூன்றையும் பலர் அறிவர். நான்காவதையே பலர் கவனியார்.

முதற் காரணத்துக்கு மாற்று, திரியைப் பதப்படுத்துதல். வேண்டிய நீளத்தைவிட இரண்டு அங்குலம் மிகுதியாகத் திரியை நறுக்கி, உருகிய மெழுகிலே அமிழ்த்துங்கள். திரியிலிருந்து சிறு குமிழிகள் எழும். அது இழைகளிடையே இருந்த காற்று வெளியேறுதல். குமிழிகள் எழுவது நின்றபின் திரியைக் குறட்டினால் எடுத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்து, தட்டையான தாளின்மேல் நேராகக் கிடத்துங்கள். ஆறியதும் அது ஈர்க்குப் போல விறைத்து நிற்கும். ஈயக் கம்பி செய்த வேலையை மெழுகே செய்யும் என்று சொன்னது இதனைத்தான். இவ்வாறு பதப்படுத்திய திரி ஏற்றும்போதும் உடனே பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, அடியை ஊன்றுதல். வெறுந்திரியை அச்சில் விட்டால் அது சூடான மெழுகிலே மிதந்து அலையும். ஆகவே அதற்குத் தகடொன்று வேண்டும். கடையிலே விற்கும் தகடு கிடைத்தால் நன்று. கிடையாதவிடத்து, வெற்றுப் பேணியின் மெல்லிய தகட்டிலிருந்து வட்டமொன்று வெட்டிக்கொள்ளலாம். அவ்வட்டத்தை அச்சின் அடித்தளத்திலே இறுக்கமின்றியும் இடைவெளியின்றியும் பொருந்தி அமரும்படி வெட்டுவதே இதன் நுட்பம். தகடு அடித்தளத்தை நிரப்பி நிற்குமாயின் அது எப்பக்கமும் நகர இயலாது. அதன் நடுவும் அச்சின் நடுவும் ஒன்றேயாகும். கண்மதிப்புக்கு அங்கே வேலையில்லை.

தகட்டின் நடுவைக் காண்பதற்கு அளவுகோலும் வேண்டா. தகட்டின் அளவிலே தாள் வட்டம் ஒன்று வெட்டி, அதனை ஒருமுறை சரிபாதியாகவும் மறுமுறை அதனையும் பாதியாகவும் மடியுங்கள். விரித்தால் இரு மடிப்புக் கோடுகளும் வெட்டும் புள்ளியே நடு. தாளைத் தகட்டின் மேல் வைத்து, அப்புள்ளியிலே சிறிய ஆணியாற் துளையிடுங்கள். கீழ்ப்புறமிருந்து துளைத்தால் தகட்டின் கிழிந்த விளிம்பு மேற்புறத்திலே சிறு கழுத்துப்போல எழும். திரியை அதனுள்ளே செலுத்தி, கழுத்தைக் குறட்டினால் நெருக்கிவிட்டு, அடியில் நீட்டி நிற்கும் துண்டை வழித்து வெட்டிவிடுங்கள். இந்தக் கழுத்தினால் இன்னொரு நன்மையும் உண்டு. மெழுகு தீரும் தறுவாயிலே, கழுத்துக்குக் கீழுள்ள மெழுகு திரியிலே ஏற மாட்டாமையால், சுடர் கிண்ணத்தின் அடியைச் சுடுமுன் தானே அணைந்துவிடும்.

மூன்றாவது, தலையைப் பிடித்தல். இதற்கு நம் நாட்டிலே விலையின்றிக் கிடைக்கும் கருவி தென்னை ஈர்க்கு. அச்சின் வாயைவிடச் சற்று நீண்ட இரண்டு ஈர்க்குகளைச் சேர்த்து இரு முனையிலும் நூலாற் கட்டுங்கள். அவற்றிடையே திரியின் தலையைச் செருகினால் ஈர்க்குகள் அதனைக் கவ்விக்கொள்ளும். ஈர்க்கிணையை அச்சின் வாய்மேல் குறுக்காக வைத்து, முன்பு செய்ததுபோன்ற தாள் வட்டத்தை அச்சின் வாயளவுக்கு வெட்டி நடுப்புள்ளியைக் கண்டு, ஈர்க்கிலே அவ்விடத்துக்கு மையால் ஓர் அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை இட்ட அடையாளம் அதே அளவுள்ள அச்சுக்கு எந்நாளும் உதவும். திரியைத் தளராமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். தகடு மேலே கிளம்பும்படி இழுத்தலாகாது.

மேசை மட்டமாயிருக்கிறதா என்பதையும் மறக்க வேண்டாம். மட்டமற்ற மேசையிலே அச்சு சாய்ந்து நிற்க, மெழுகு மட்டமாக இறுகும். பின்பு மட்டமான இடத்திலே வைத்தால் மெழுகின் முகம் சரிந்து தோன்றும். விளிம்பொத்த தட்டொன்றிலே நீர் நிரப்பி மேசையில் வைத்துப் பாருங்கள். நீர் எல்லாப் பக்கமும் விளிம்பை ஒரே அளவில் அணுகினால் மேசை மட்டமானது.

இப்போது வார்ப்புக்கு வருவோம். நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது பரபின் மெழுகு. அது தன் வகைக்கேற்ப ஏறத்தாழ 46 முதல் 68 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலைகளில் உருகும். தேன்மெழுகு உருகுவது ஏறத்தாழ 62 முதல் 64 பாகையில். எதுவாயினும் மெழுகை நேரே அடுப்பில் வைத்து உருக்குதல் ஆகாது. அகன்ற சட்டியிலே நீரைக் கொதிக்கவைத்து, அதனுள்ளே மெழுகுப் பேணியை வைத்தே உருக்க வேண்டும். நீர் வற்றாதிருக்கும்வரை மெழுகு 100 பாகையைத் தாண்டாது. அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய மெழுகு தீப்பற்றும். அவ்வாறு பற்றினால் நீரை ஊற்றுதல் பெரும் ஆபத்து. நீர் கணத்தில் ஆவியாகி எரியும் மெழுகை நாற்புறமும் வாரி இறைத்துவிடும். அடுப்பை அணைத்து, மூடியொன்றினால் மூடி அடக்குவதே வழி. மூடியைத் தொடக்கத்திலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அடுப்பினருகே விட வேண்டாம்.

மெழுகு ஏறத்தாழ 80 பாகைச் சூட்டில் இருக்கும்போது வார்ப்பது சிறு அச்சுகளுக்குப் பொருந்தும். தகட்டை முன்னரே ஒரு துளி மெழுகினால் அடித்தளத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். வார்க்கும்போது மெழுகுத் தாரை திரியின் மேல் விழலாகாது; அச்சின் சுவரையொட்டி மெதுவாக இறங்கட்டும். தாரை நேரே திரியிற் பட்டால் அதனை ஒதுக்கித் தள்ளிவிடும்.

இனியே நான்காவது காரணம் தன் வேலையைத் தொடங்குகிறது. மெழுகு இறுகும்போது சுருங்குகிறது. அச்சின் சுவரையொட்டிய பகுதி முதலில் இறுகுகிறது. உள்ளே இன்னும் உருகி நிற்கும் மெழுகு பின்னர்ச் சுருங்குகையில் நடுவிலே பள்ளமும் பொந்தும் தோன்றுகின்றன. எல்லாப் பக்கமும் ஒரே வேகத்திற் குளிர்ந்தால், கடைசியில் இறுகும் இடம் திரி நிற்கும் நடுவாகவே இருக்கும். அச்சின் ஒரு பக்கத்திலே மின்விசிறியின் காற்றோ பலகணியின் காற்றோ பட்டால் அப்பக்கம் முந்தி இறுகுகிறது. கடைசியாக இறுகும் இடம் நடுவைவிட்டு விலகிவிடுகிறது. சுருங்கும் மெழுகு திரியையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. தலையும் அடியும் சரியாயிருக்க இடைப்பகுதி வில்போல வளைந்துவிடுவது இதனாலேதான். மேலே நோக்குவார்க்கு இக்குற்றம் தெரியாது. எரியும்போதே வெளிப்படும்.

ஆகவே வார்த்த அச்சுகளைக் காற்றடியாத இடத்திலே, ஒன்றுக்கொன்று இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். அவசரப்பட்டு நீரிலே வைக்க வேண்டாம். மெழுகின் மேற்புறத்திலே பாலாடை போன்ற மெல்லிய படலம் படரும் வேளையை உன்னிப்பாகக் கவனியுங்கள். திரி சற்று விலகியிருந்தால் நிமிர்த்துதற்குரிய வேளை அதுவே. அதற்குமுன் நிமிர்த்தினால் திரி மீண்டும் நகரும். அதற்குப்பின் நிமிர்த்தினால் திரியின் ஓரத்திலே இடைவெளி விழும். சிலர் திரியை முன்னரே வையாமல், இந்தப் படலம் படர்ந்தபின் பதப்படுத்திய திரியைத் தகட்டோடு நடுவிலே இறக்குவர். விறைத்த திரியும் பழகிய கையும் உடையார்க்கு அதுவும் நல்ல முறையே.

படலம் தடித்தபின், திரியைச் சுற்றி மூன்று இடங்களிலே சம இடைவெளியில், ஈர்க்கினாற் சிறு துளைகள் இடுங்கள். உள்ளே தோன்றும் பொந்துகளுக்கு இவை வாயிலாகும். மூன்றையும் ஒரே பக்கத்தில் இட்டால் அப்பக்கமே தளர்ந்து திரி சாயும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மெழுகு நன்கு இறுகிப் பள்ளம் விழுந்தபின், எஞ்சிய மெழுகை முதல் வார்ப்பைவிடச் சற்றே கூடிய சூட்டில் வார்த்துப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். பின்பு முழுமையாக ஆறவிட்டு அச்சிலிருந்து எடுத்து, திரியைக் கால் அங்குலம் விட்டு நறுக்கிவிடுங்கள்.

பல திரிகளை ஒரே அளவாகச் செய்வோருக்கு இன்னுமொரு வழி உண்டு. திரிக்குப் பதிலாக அச்சின் நடுவிலே உலோக ஊசியொன்றை நிறுத்தி வார்ப்பது அது. அடித்தளத்திலே பொருந்தும் தகட்டின் நடுவில் நேராகப் பொருத்தப்பட்ட ஊசி அது. நூலைப்போல அது நெகிழாது; சுருங்கும் மெழுகினால் வளைக்கப்படாது. மெழுகு ஆறியதும் ஊசியை உருவினால் நடுவே நேரான துளை ஒன்று எஞ்சும். பதப்படுத்திய திரியைத் தகட்டோடு கீழிருந்து அத்துளையிற் செலுத்தி, மெழுகின் அடியை இளஞ்சூடான சட்டியில் ஒரு கணம் அழுத்தினால் தகடு ஒட்டிக்கொள்ளும். துளை திரியின் பருமனுக்கு ஒத்ததாயிருத்தல் அவசியம். துளை பெரிதானால் உருகிய மெழுகு அதனுள்ளே இறங்கிச் சுடரின் ஒழுங்கு கெடும்.

இவ்வளவும் செய்தபின்னும் சோதனை வேண்டும். ஒரு முறை வார்த்த தொகுதியிலிருந்து ஒன்றை எடுத்து, கத்தியைச் சூடாக்கி மேலிருந்து கீழாகப் பிளந்து பாருங்கள். திரி தலைமுதல் அடிவரை நேராக இறங்குகிறதா என்பது தெரியும். இன்னொன்றைக் கண்ணாடிக் கிண்ணத்திலே வைத்து, காற்றற்ற இடத்தில் ஏற்றி, அருகிலேயே இருந்து கவனியுங்கள். ஓரிரு மணி நேரத்தில் உருகிய மெழுகு வட்டமாகப் பரந்து, எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒருங்கே விளிம்பை அடைய வேண்டும். திரி நடுவில் நின்றும் மெழுகு விளிம்பை அடையாமற் குழாய்போலக் குழிந்து இறங்கினால், திரி மெல்லியது. சுடர் உயர்ந்து புகைத்தால், திரி தடித்தது. இவை திரியின் பருமனைப் பற்றிய குறைகள். நடுவைப் பற்றியவை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

சோதனையிலே தவறியவற்றை என்ன செய்வது? மெழுகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு; மறுபடியும் உருகி மறுபடியும் இறுகும். குற்றமுள்ளவற்றை உருக்கி வார்த்துவிடுங்கள். திரி மாத்திரமே நட்டம். இதனை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறு வருமானத்துக்காக வீட்டிலே மெழுகுதிரி வார்க்கும் குடும்பங்கள் நம் நாட்டில் உள்ளன. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியிலே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, மெழுகுதிரியின் அருமையை நாடு முழுவதும் மீண்டும் உணர்ந்தது. மேலே நேராகவும் உள்ளே கோணலாகவும் நிற்கும் திரியை வாங்குபவர் கண்டறிய மாட்டார். செய்தவர் மாத்திரமே அறிவார். கண்டறிய இயலாத குற்றத்தை விற்காதிருத்தல் கைத்தொழிலின் முதல் அறம்.

கோயிலிலும் கல்லறையிலும் மாத்திரமன்றி, வைகாசி மாதத்து வெசாக் கூடுகளிலும் மெழுகுதிரி எரிகிறது. ஈர்க்கும் மூங்கிலும் மெல்லிய தாளும் கொண்டு அமைந்த கூட்டினுள்ளே சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அங்கும் கூட்டைக் காப்பது நடுவே நிமிர்ந்து நிற்கும் திரியே.

நேயர்களே, விறைத்த திரி, பொருந்திய தகடு, ஈர்க்கின் பிடி, காற்றில்லாத ஆறுதல் என்னும் நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மெழுகு வார்க்கும்போது, பன்னிரண்டு திரிகளை விரைந்து வார்ப்பதற்குப் பதிலாக ஆறு திரிகளை இம்முறையிலே நிதானமாக வார்த்துப் பாருங்கள். அவற்றில் ஒன்றை வாங்கிச் சென்று, தம் பிள்ளையின் சுகத்துக்காகவோ தம் தாயின் நினைவுக்காகவோ ஏற்றிவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க விரைந்து செல்லும் ஒருவரை உங்களுக்குத் தெரியாது. உங்களையும் அவருக்குத் தெரியாது. ஆயினும் அவர் ஊர் போய்ச் சேர்ந்து கதவைத் திறக்கும் வேளையிலும், அவர் ஏற்றிவைத்த சுடர் அங்கே நேராக நின்று எரிந்துகொண்டிருக்கும்.